இதோடு இதையா? வினோத உணவுகள், விபரீதச் சேர்க்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எது எதோடு சேரும், எது சேராது என்பதில் நம் ஊரில் வீட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு வீட்டில் விருந்தாகப் பரிமாறுவதை அடுத்த வீட்டில் விஷம் என்கிறார்கள். ருசி வேறு, அருவருப்பு வேறு, ஆபத்து வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. என்னிடம் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இட்லிக்குச் சர்க்கரை, அடைக்கு வெல்லம் தொட்டுக்கொள்வது சிறுபிள்ளைப் பழக்கம்தானே?

இல்லை. அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் என்பது நன்றாக யோசித்து அமைந்த ஜோடி. அடை மாவில் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் தாராளமாகச் சேர்கின்றன. பருப்பு கொரகொரப்பாக அரைபடுவதால் அடை தடிமனாகவும் வறட்சியாகவும் இருக்கும். மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் வெண்ணெய் பட்டதும் நாக்கின் எரிச்சல் தணிகிறது. கல்லிலிருந்து எடுத்த அடையின் நடுவில் வெல்லத்தூளை வைத்தால், அது ஓரத்தில் மட்டும் இளகிப் பாகாகி, நடுவில் மணல் மணலாக நிற்கும். அந்த நிலையில் பிய்த்துத் தின்ன வேண்டும். ஆறிவிட்டால் அந்த ருசி போய்விடும்.

இட்லி புளித்த மாவில் செய்வது. புளிப்புக்கு இனிப்பு துணை போவதில் என்ன விந்தை இருக்கிறது? பரோட்டாவுக்குச் சர்க்கரை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அது என் நாக்கின் விருப்பம், அவ்வளவுதான்.

நாகர்கோவில் பக்கம் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போடுகிறார்களாமே?

போடுகிறார்கள். அதோடு நிற்பதும் இல்லை. இலையில் பாயசத்தை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கி, மட்டி என்ற சிறிய வாழைப்பழத்தைப் பிசைந்து, எல்லாவற்றையும் ஒன்றாக வழித்துச் சாப்பிடுகிறார்கள். பால் பாயசம் என்றால் போளியை அதில் ஊறவைக்கும் வழக்கமும் நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் உண்டு. இனிப்பு முடிந்தபின் ரசமும் மோரும் வரும். தஞ்சாவூர்க்காரர்களும் மதுரைக்காரர்களும் முதல் தடவை பார்த்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். ஒரே கவளத்தில் உப்பும் இனிப்பும், மொறுமொறுப்பும் குழைவும் கிடைப்பதை ஒருமுறை அனுபவித்தால் அந்தத் தயக்கம் நிற்காது.

மாங்காய்க்கும் அன்னாசிக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் ஏன்?

உப்பு கசப்பை அமுக்குகிறது. கசப்பு அடங்கினால் அதுவரை மறைந்திருந்த இனிப்பு முன்னே வருகிறது. பிரெஸ்லின், பியூசாம்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். மெரினாவில் மாங்காய்ப் பத்தை விற்பவர்களின் கைக்கு இது அதற்கு முன்பே தெரியும். தயிர் சாதத்துக்கு மாம்பழம் வைத்துக்கொள்வதும் இதே குடும்பம்தான்: உப்பிட்ட புளிப்போடு பழத்தின் இனிப்பு.

மீன் தின்றுவிட்டுப் பாலோ தயிரோ சாப்பிட்டால் வெண்புள்ளி வருமா?

வராது. இந்த ஒரு கேள்விக்கு நான் உரக்கப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்த நம்பிக்கை மனிதர்களைப் புண்படுத்துகிறது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் வெண்புள்ளி உண்டாகிறது. அது தொற்றாது. சாப்பாட்டுச் சேர்க்கையால் வருவதும் இல்லை. வெண்புள்ளி உள்ள ஒரு பெண்ணிடம் "சின்ன வயதில் மீனும் தயிரும் சேர்த்துத் தின்றாயா?" என்று கேட்பது, நோயைக் குற்றமாக்கி அவள் தலையிலேயே கட்டுவதாகும்.

நம்பிக்கை பழையது. மீனையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்று சரக சம்ஹிதையிலேயே இருக்கிறது. ஆனால் வங்காளத்தில் தயிரில் வேகும் மீன் குழம்பு கல்யாண விருந்துக்கே வருகிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் வெளுக்கவில்லை.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமைன் என்ற பொருளை உண்டாக்கிவிடும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், தடிப்புகள் எழும். ஐஸ் இல்லாத காலத்தில் உள்ளூருக்கு வந்து சேர்ந்த மீனில் இது அடிக்கடி நடந்திருக்கும். கெட்டுப்போன மீன் செய்த வேலைக்குக் கூட இருந்த தயிர் பழி சுமந்திருக்கலாம். ஆகவே கவனிக்க வேண்டியது மீனின் செவுளும் கண்ணும். தயிரைச் சந்தேகிக்க வேண்டாம்.

கருவாட்டோடு மோர் ஆகாது என்கிறார்களே?

அதுவும் இதன் தொடர்ச்சிதான். பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்து, சுட்ட நெத்திலிக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் ஏராளம். கருவாட்டில் உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதற்காகத்தான் யோசிக்க வேண்டும்.

தேனும் நெய்யும் சம அளவில் சேர்ந்தால் விஷமா? பாலும் வாழைப்பழமும்?

இரண்டும் ஆயுர்வேத நூல்கள் விலக்கும் சேர்க்கைகள். ஆனால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு ஆகியவற்றோடு தேனும் நெய்யும் இருக்கின்றன. புதுமணத் தம்பதிக்கு நாம் முதலில் கொடுப்பதே பாலும் பழமும்தான். பயப்பட எதுவும் இல்லை.

தேனில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அது யாருடைய அச்சப் பட்டியலிலும் இல்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் சில வேளை இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி, தேனைத் தவிர்த்துவிடுங்கள்.

மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பது உண்மையா?

இலங்கையில் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மரவள்ளி அவித்த நாளில் இஞ்சித் தேநீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். இந்தப் பயத்தின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அது சிதைந்து சயனைடை வெளிவிடுகிறது. கசப்பு ரகத்தில் இது அதிகம், தோலில் இன்னும் அதிகம். இஞ்சி அந்தச் சிதைவை விரைவுபடுத்தும் என்பதுதான் மக்கள் சொல்லும் காரணம்.

ஆனால் கிழங்கின் குற்றத்தை இஞ்சி மேல் ஏற்ற வேண்டாம். தோலை ஆழமாகச் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில், மூடாத பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் போதும். அப்படி வெந்த கிழங்கில் இஞ்சி கெடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருப்பதில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரச்சீனி என்ற இதே மரவள்ளியோடு உண்ணும் மீன் குழம்பில் இஞ்சி போடுவது சாதாரணம். கிழங்கு வாயில் கசந்தால் மட்டும் துப்பிவிடுங்கள். இஞ்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைத் தின்ன வேண்டாம்.

இறாலும் எலுமிச்சையும் சேர்ந்தால் ஆர்சனிக் விஷமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இறாலில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் உடலுக்குத் தீங்கு செய்யாத வடிவில் இருப்பது. அப்படியே வெளியேறிவிடும். இறால் வறுவல் தட்டில் எலுமிச்சைத் துண்டு வைக்காத கடை எங்கே இருக்கிறது? அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.

ஈசலைத் தின்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். வெறும் பசிக்காகத் தின்பதும் இல்லை, ஆசையாகத் தின்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வெளிச்சத்துக்கு வருவதைக் கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துப் பிடிப்பார்கள். புற்று வாயிலேயே பானையைக் கவிழ்த்துப் பிடிப்பதும் உண்டு. மறுநாள் வெயிலில் காயவைத்து, கையால் கசக்கி, முறத்தில் புடைத்தால் இறக்கைகள் கண்ணாடிச் செதில்களாகப் பறந்து போய்விடும். மிஞ்சும் உடல்களை வெறும் சட்டியில் வறுப்பார்கள். எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. ஈசலிலேயே கொழுப்பு நிறைய இருப்பதால் அது தானாகப் பளபளக்கும். வறுத்த அரிசி, பொரி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசறினால் நொறுக்குத்தீனி தயார். வறுத்த வேர்க்கடலைக்குப் பக்கத்தில் வரும் வாசனை. அளவு மீறினால் வயிறு இளகும் என்று கிராமத்தில் எச்சரிப்பார்கள்.

இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அகநானூற்றின் 394-ஆம் பாட்டைப் படிக்க வேண்டும். செம்மறியின் முற்றிய தயிரில், நன்றாகக் குத்திய வரகரிசியையும் மழைக்குப் பின் புற்றிலிருந்து வந்த ஈயலையும் (ஈசலின் பழைய பெயர்) இட்டுச் சமைத்த புளிப்பான சூட்டுச் சோறு, அதன் மேல் பசு வெண்ணெய் உருகி வழிகிறது. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அங்கே சொல்லப்படும் ஆசைச் சோறு அது. பாரியின் பறம்பு நாட்டு வளத்தை நினைத்து வருந்தும் புறநானூற்றுப் பாட்டிலும் (119) ஈயலும் மோரும் சேர்ந்த புளிப்பு வருகிறது. ஈசலும் தயிரும் ஒரு காலத்தில் நம் பெருமைமிக்க சேர்க்கை. இடையில் எங்கேயோ அதை இழிவாக்கிவிட்டோம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈசலையும் மற்ற பூச்சிகளையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் இரண்டுக்கும் பொதுவானது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டச் செவ்வெறும்புச் சட்னிக்கும் இது பொருந்தும். அந்தச் சட்னி 2024-ல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

வயல் எலி, நத்தை தின்பது ஆபத்தில்லையா?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருளர்கள் வயல் எலியைப் பிடிப்பதில் வல்லவர்கள். வளையின் வாயில் பானையை வைத்துப் புகை ஊதி எலியை மயக்குவார்கள். எலி உள்ளே சேமித்து வைத்திருக்கும் நெல்லையும் தோண்டி எடுத்துக்கொள்வார்கள். விவசாயிக்கும் லாபம், வீட்டுக்கும் உணவு. எலியைத் தீயில் வாட்டி முடியைப் பொசுக்கி, சுத்தம் செய்து, குழம்பு வைக்கிறார்கள். நெல்லைத் தின்று வளர்ந்த வயல் எலியும் சாக்கடை எலியும் ஒன்றல்ல.

ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். ஆகவே பிடிக்கும்போதும் அறுக்கும்போதும் கையில் காயம் இருக்கக் கூடாது. அடுத்து, எலி மருந்து வைத்த வயலில் பிடித்த எலியை எப்படி வேகவைத்தாலும் உண்ணக் கூடாது.

வயல் நத்தையை மூல நோய்க்கு மருந்து என்று டெல்டாவில் சொல்கிறார்கள். மருந்தோ இல்லையோ, நன்றாக வேக வேண்டும். அரைவேக்காட்டு நத்தையில் மூளை வரை போகக்கூடிய புழுக்கள் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எலிக்கறி என்ற பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் வசைச் சொல்லாகத்தான் வருகிறது. அதில் சுகாதாரக் கவலை கொஞ்சமும் இல்லை, சாதி மட்டுமே இருக்கிறது. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி பற்றிய இளக்காரமும் அப்படித்தான். ஒன்றை உண்ணாமலிருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. உண்பவரை இழிவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆட்டு ரத்தப் பொரியல் நல்லதா?

இரும்புச் சத்து நிறைந்தது. அதிலுள்ள இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாக உடலில் சேரும். உறைந்த ரத்தத்தை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டு வதக்கினால் முட்டைப் பொரியலைப் போல வரும். அன்று அறுத்த ஆட்டினுடையதாக இருக்க வேண்டும். இஸ்லாத்தில் ரத்தம் விலக்கப்பட்டது. விருந்துக்கு அழைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

உடும்புக்கறி உடம்புக்கு வலு என்கிறார்களே?

வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடலாமையும் அப்படியே. அதன் கறி சில வேளை கொடிய நஞ்சாகும், சமைத்தாலும் அந்த நஞ்சு முறியாது.

கடல் அட்டையின் கதை வேறு. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். சீனச் சமையலில் பெரும் விலை போகும் அந்த அட்டைக்கு இரு கரைத் தமிழர் அடுப்பிலும் இடமில்லை.

நண்டும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் ஒரே பானையில் போடும் உணவு எது?

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ். எனக்குத் தெரிந்த சேர்க்கைகளில் மிகத் துணிச்சலானது இதுதான். பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதன் மாவுக்கு ஒரு கசப்பு உண்டு. மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். பெரிய பானையில் மீன், நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கீரை எல்லாம் வேகும். அரைத்த செத்தல் (காய்ந்த) மிளகாயும் புளிக்கரைசலும் சேரும். கடைசியில் கரைத்த ஒடியல் மா ஊற்றப்பட்டதும் கூழ் தடிக்கிறது. பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திய தொன்னையில் ஊற்றிக் குடிப்பார்கள்.

இதை ஒருவருக்காகச் சமைக்க முடியாது. ஊரைக் கூட்டினால்தான் கூழ். டொரண்டோவிலும் லண்டனிலும் ஈழத்தமிழர்கள் கூடும் நாட்களில் இந்தப் பானை ஏறுவதற்கு அதுவே காரணம். சாதாரண அரிசிமாவு போட்டால் கடல் உணவுச் சாறு கிடைக்கும், கூழ் கிடைக்காது. ஒடியலின் அந்த லேசான கசப்பு அடியில் நிற்க வேண்டும்.

சென்னையில் அத்தோ என்று விற்கிறார்களே, அது என்ன சேர்க்கை?

பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலையில் வண்டிகள் நிற்கும். வேகவைத்து ஆறிய நூடுல்ஸில் பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், மிளகாய்ப் பொடி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவுவார்கள். தொட்டுக் குடிக்க வாழைத்தண்டு சூப். கூடவே கேட்டு வாங்க வேண்டியது முட்டை மசாலா: அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம் திணித்து, புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் ஊற்றித் தருவது. ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பருத்தி விதையில் பாலா?

ஆமாம், மதுரையில். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுப்பார்கள். அரிசிமாவு கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்த்துருவல் சேர்த்தால் தொண்டைக்கு இதமான பருத்திப்பால். பச்சை விதையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. 1970-களில் சீனாவில் அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆகவே காய்ச்சாத பாலைக் குடிக்கக் கூடாது.

கசப்பும் அரிப்பும் உள்ளவற்றை ஏன் தின்கிறோம்?

சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவோடு வெல்லமும் மாங்காயும் சேர்த்துப் பச்சடி வைக்கிறோம். வேப்பம்பூவை நெய்யில் கருகாமல் வறுத்தால் அதன் கசப்பு வறுபட்ட வாசனையாக மாறும். பிறகு கசப்பு பயமுறுத்தாது. பிரண்டையும் காறும் கருணைக்கிழங்கும் வேறு விதம். அவற்றிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தொண்டையைக் குத்துவதால்தான் அரிக்கிறது. புளி சேர்ப்பதும், பிரண்டையை நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்குவதும் அதற்காகத்தான். பிரண்டையை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

டுரியான் பழமும் மதுவும் சேர்ந்தால் உயிர் போகும் என்று மலேசிய உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

மிகைதான், ஆனால் வெறும் கதையல்ல. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல், மதுவிலிருந்து உடலில் உண்டாகும் நச்சுப் பொருளை அகற்றும் நொதியை டுரியான் சாறு பெருமளவு தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். படபடப்பு, வாந்தி, முகச்சிவப்பு வரலாம். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. சிங்கப்பூர் ரயிலில் இதன் வாடைக்காகவே இந்தப் பழத்துக்குத் தடை. டுரியானைப் பார்க்க விரும்பினால் கடல் கடக்கத் தேவையில்லை, நீலகிரி பர்லியாறு பழப்பண்ணையில் மரங்கள் இருக்கின்றன.

பழைய சோறு கெட்டுப்போன சோறுதானே?

புளித்த சோறு, கெட்ட சோறு அல்ல. நீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பு தீய கிருமிகளை அடக்குகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

செய்முறையில் ஒரு கண் வேண்டும். காலையில் வடித்து நாளெல்லாம் வெளியில் கிடந்த சோற்றுக்கு இரவில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோறு வெதுவெதுப்பில் நீரில்லாமல் நெடுநேரம் இருந்தால், சூட்டில் அழியாத நஞ்சை உண்டாக்கும் வேறு பாக்டீரியா முந்திக்கொள்ளும். இரவில் வடித்த சோறு ஆறியவுடன் முழுக மூழ்கும்படி நீர் ஊற்றுங்கள். விடியலில் மோர் வாசனை வந்தால் சரி. கொழகொழவென்று நூல் விட்டால் கொட்டிவிடுங்கள்.

கர்ப்பிணியான என் மகள் சாம்பலையும் பச்சரிசியையும் ரகசியமாகத் தின்கிறாள். திட்டலாமா?

திட்ட வேண்டாம். மசக்கையில் மாங்காய் கேட்பது ஒன்று. மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி, பச்சரிசி என்று தேடுவது பெரும்பாலும் ரத்தசோகையின் அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து இரும்பு மாத்திரை வாங்குங்கள். இரும்பு ஏறினால் அந்த ஆசை பெரும்பாலும் தானாகத் தணியும். ரகசியமாகத் தின்ன வைப்பது வெட்கம்தான். உங்களிடம் சொல்லத் தைரியம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் உண்மையிலேயே சேரக் கூடாத சேர்க்கை என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது. அவை பெரும்பாலும் தட்டில் இல்லை, மாத்திரை அட்டையில் இருக்கின்றன. இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்கினால் இரும்பு உடலில் சேராமல் வீணாகும். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரை போட்டவுடன் காபி குடிக்கக் கூடாது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்குப் பால் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை உண்ணத் தொடங்கினால் மருந்தின் வேகம் குறையும். கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளோடு பம்பளிமாஸ் சேர்ந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நட்சத்திரப் பழம் ஒன்றே நஞ்சாகலாம்.

மீனும் தயிரும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற வீடுகளில் தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறார்கள். அடுத்த முறை மருந்து வாங்கும்போது "இதோடு எதைச் சாப்பிடக் கூடாது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கொத்தமல்லி சோப்பு போல நாறுகிறது என்கிறான் என் மகன். அடமா?

அடமாக இல்லாமலும் இருக்கலாம். கொத்தமல்லித் தழையில் உள்ள சில மணப்பொருள்களைக் கூர்மையாக உணரும் மரபணு சிலருக்கு இருக்கிறது. அவர்களுக்கு அது சோப்பு வாடைதான். தழையை நசுக்கித் துவையலாக அரைத்தால் வாடை குறையும். மற்ற காய்களுக்கு, வற்புறுத்தாமல் பலமுறை தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே வாருங்கள். பல குழந்தைகள் பத்துத் தடவைக்குப் பிறகுதான் கை நீட்டுகிறார்கள்.

விருந்துக்குப் போன இடத்தில் பிடிக்காத ஒன்றை வைத்துவிட்டால்?

பரிமாறுவதற்கு முன்பே கையை இலைக்கு மேல் காட்டி "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிடலாம். அதில் யாருக்கும் வருத்தமில்லை. வைத்தபின் முகம் சுளிப்பதும், "இதைப் போய் எப்படித் தின்கிறீர்கள்?" என்று கேட்பதும்தான் சமைத்தவரைச் சுடும். எதனால் செய்தது, எப்படிச் செய்தது என்று விசாரியுங்கள். பேச்சு அங்கிருந்து நன்றாகவே போகும்.

பள்ளியில் என் மகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம். கருவாடு கொடுப்பதை நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். முதலில் வகுப்பு ஆசிரியையிடம் நேரில் பேசுங்கள். குழந்தையின் முன்னால் வேண்டாம். அடைத்த டப்பாவில் நான்கு மணி நேரம் இருந்தால் கருவாட்டுக் குழம்பு திறக்கும்போது வாடை வீசத்தான் செய்யும். ஆகவே குழம்பை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, பள்ளிக்கு நெத்திலியைக் கழுவி, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்த்து, ஈரம் போக முறுகலாக வறுத்து, ஆறியபின் தனிக் கிண்ணத்தில் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.